இடப்பக்கத்துக் குரல்

செண்பகவல்லி டீச்சருக்கு முதுகிலும் கண் உண்டு என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு இருந்தது. முதுகில் கண்ணெல்லாம் கிடையாது, எல்லாம் காதுதான். கரும்பலகையைப் பார்த்து நின்று முக்கோணம் வரைந்துகொண்டிருப்பாள். பின்னால் நாற்பது பெண்பிள்ளைகள். எங்கோ ஒரு முணுமுணுப்பு கிளம்பும். சாக்பீஸ் நிற்காது.

"ஏட்டி ஆன்சி, மூணாவது பெஞ்ச். அந்த முறுக்க உள்ள வை. இல்லேன்னா எனக்கும் ஒண்ணு குடு."

வகுப்பு கொல்லென்று சிரிக்கும். ஆன்சி வெலவெலத்துப்போய் முறுக்கை முழுசாக விழுங்குவாள்.

பாளையங்கோட்டையில் பதினாறு வருடம் இப்படிக் கொடிகட்டிப் பறந்தவளை ஒரே ஒரு மூளைக்காய்ச்சல் கவிழ்த்துப் போட்டுவிட்டது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. எழுந்து உட்கார்ந்தபோது உலகம் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. இரண்டு காதும் போச்சு.

பிறகு அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு காதுக்குள்ளும் மெல்லிய மின்கம்பி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் பொத்தான்போல ஒட்டிக்கொள்ளக் காதுக்கொரு மெஷின். சொற்கள் திரும்பி வந்தன. வந்த வரைக்கும் புண்ணியம் என்றுதான் அவளும் இருந்தாள். ஆனால் வந்த சொற்களுக்கு இடம் என்று ஒன்று இல்லை. யார் பேசினாலும், எந்தத் திசையிலிருந்து பேசினாலும், அவள் தலைக்கு நட்டநடுவில்தான் கேட்டது. வாசலில் பால்காரர் கூப்பிட்டால் தலைக்குள்ளே. அடுத்த வீட்டு குக்கர் விசில் தலைக்குள்ளே. மழை பெய்தால் அதுவும் உள்ளே. குளத்தில் முங்கிக்கொண்டு கரையில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்பதுபோல அவள் நாட்கள் போயின.

பிள்ளைகள் விடுவார்களா? டீச்சருக்கு யார் பேசுவது என்று தெரியவில்லை என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். வலப்பக்கம் ஒருத்தி பூனைபோல் கத்துவாள், டீச்சர் இடப்பக்கம் திரும்புவாள். ஒருநாள் ரிஸ்வானா பண்ணிய சேட்டைக்கு மெர்சியை ஒரு பீரியட் முழுக்க வெளியில் நிறுத்திவிட்டாள். மறுநாள் மெர்சியின் அம்மா வந்து ஆசிரியர் அறை வாசலில் நின்று, "காது கேக்காத டீச்சர எதுக்கு வச்சிருக்கிய?" என்று நாலு பேர் கேட்கக் கத்தினாள். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

தலைமையாசிரியை பாக்கியம் நல்லவர்தான். "கொஞ்ச நாள் ரெஸ்ட்னு நெனச்சுக்கோங்க, டீச்சர்," என்று நூலகச் சாவியைக் கையில் கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருடமாகிவிட்டது. அவள் எடுத்துவந்த ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் பக்கம் போகும்போதெல்லாம் செண்பகவல்லி ஒரு நிமிஷம் நின்றுவிடுவாள். யாரோ புது வாத்தியார்ப் பையன் ஒருவன் கணக்கை மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொண்டிருப்பான். பாவி, கணக்கைப் போய் மனப்பாடம் செய்யச் சொல்வார்களா!

அவளுக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே ஆறுதல் சங்கரபாகம். அவள் கணவர். செத்து இரண்டு வருடம் ஆகிறது.

சங்கரபாகம் தாலுகா அலுவலகத்தில் சர்வேயர். காதுக்குப் பயிற்சி வேண்டும், பழகிய குரலில் தினமும் கேட்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் மனுஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நிலம் அளக்கப் போகிற இடத்திலிருந்தெல்லாம் ஃபோனில் பேசிப் பதிந்து அனுப்புவார். ஃபோனிலிருந்து குரல் நேராக மெஷினுக்கே வந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"செண்பகம், கேக்குதா? கங்கைகொண்டான் பக்கத்துல ஒரு வேலிக்காட்டுக்குள்ள நிக்கேன். காலு பூரா முள்ளு. ரெண்டு அண்ணன் தம்பிய ஒரு வரப்புக்கு அடிச்சிக்கிட்டு நிக்காவ..."

குரலைக் கேட்டு இடம் தெரியாதவளுக்கு, இன்ன இடத்தில் நிற்கிறேன் என்று வாயாலேயே சொல்லிவிடுவார். அப்படி நிற்கையில்தான் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இருநூற்றுச் சொச்சம் பதிவுகள் மிச்சம்.

மாலையில் காப்பியும் கையுமாக உட்கார்ந்து அவள் அவற்றைக் கேட்பாள். பதிலும் சொல்வாள். பைத்தியமா என்றால், இல்லை. பால்காரர் குரல் தலைக்குள்ளே கேட்கிறது, சங்கரபாகம் குரலும் அதே இடத்தில் கேட்கிறது. பால்காரர் உயிரோடு இருக்கிறார் என்றால் இவர் மட்டும் எப்படி இல்லாமல் போவார்? இருக்கிறவர்களும் போனவர்களும் ஒரே கூடத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மிதந்தபடி அவள் பாட்டுக்கு இருந்தாள்.

அப்போதுதான் நாகர்கோவிலிலிருந்து ஷெர்லின் வந்தாள். ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எஞ்சினியர், முப்பது வயசுகூட ஆகவில்லை. இரண்டு காதிலும் மெஷின் வைத்தவர்களைத் தேடிப் பிடித்து ஒரு புது மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், சைன் கர்வ் தெரியும்லா?" என்று ஆரம்பித்தாள்.

"யாருகிட்ட கேக்க? அதப் போட்டுத்தான் பதினாறு வருசம் சோறு தின்னேன்."

ஷெர்லின் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் இரண்டு அலை வரைந்தாள். "ரெண்டும் ஒரே உயரம், ஒரே அகலம். ஒண்ணு மட்டும் கொஞ்சம் பிந்தி ஆரம்பிக்கு. இந்தப் பிந்தலுக்குத்தான் ஃபேஸ் வித்தியாசம்னு பேரு. மனுசக் காதுக்கு இது கேக்குமா கேக்காதான்னு ரொம்ப காலமா ஒரு சண்ட. ஒரு காத மட்டும் வச்சுப் பாத்தா அநேகமா கேக்காது. அதனால மெஷின் பண்ணினவங்க, கேக்காததுக்கு எதுக்கு மெனக்கெடணும்னு அதத் தூக்கி எறிஞ்சிட்டாங்க."

"சரிதான? கேக்காததச் சொமந்து என்ன ஆகப்போகுது?"

"ரெண்டு காதும் சேந்தா கேக்கும், டீச்சர். ஒரு ஆளு உங்க இடப்பக்கம் நின்னு பேசினா, சத்தம் இடது காதுக்கு ஒரு பொடி முந்திப் போகும். ஒரு விநாடிய லட்சம் துண்டா நறுக்குங்க. அதுல ஒரு துண்டு முந்தினாலே போதும். அந்த ஒரு துண்டு வித்தியாசத்த மூளை கண்டுபிடிச்சு, ஆளு இந்தப் பக்கம்னு சொல்லிரும்."

"லட்சத்துல ஒண்ணா!" கணக்கு டீச்சர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அத வச்சுத்தான் நீங்க முன்னாடி முறுக்குத் தின்னவளப் பிடிச்சிருக்கீங்க. உங்க ரெண்டு மெஷினும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடாம தனித்தனியா ஓடுது. நான் அந்தத் துண்டத் திருப்பித் தந்திருதேன்."

"அப்போ எனக்கு கிளாஸ் திரும்பக் கிடைக்குமா?"

"அது உங்க ஹெச்.எம். கையில. பக்கம் தெரியும். அதுக்கு நான் பொறுப்பு."

அடுத்த சனிக்கிழமை நாகர்கோவிலில் ஷெர்லின் கணினியில் ஏதோ தட்டினாள். "இப்ப?" என்று கேட்டாள். கேட்ட அந்தச் சொல் செண்பகவல்லியின் தலைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே போய் ஷெர்லினின் வாயில் உட்கார்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை கரைந்தது. ஜன்னலுக்கு வெளியேதான் கரைந்தது! செண்பகவல்லி எழுந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். கண்ணீர் கொட்டியது.

திரும்பிவரும் பேருந்தில் அவளுக்குக் கண்ணை மூடவே மனமில்லை, திறக்கவும் மனமில்லை. கல்யாண வீட்டுக் கூட்டம் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதுபோல, மூன்று வருடத்துக்கு மேலாகத் தலைக்குள் குடியிருந்த சத்தமெல்லாம் தத்தம் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் பின்னால் போனார். அழுத குழந்தை வலப்பக்கம் போயிற்று. வள்ளியூரில் ஏறிய பூக்காரி இடப்பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து யாருடனோ சண்டை போட்டாள். இத்தனை இடமா இருக்கிறது இந்த உலகத்தில் என்று அவளுக்குக் கிறுகிறுத்தது.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக்கொண்டு ஃபோனை எடுத்தாள்.

"செண்பகம், கேக்குதா?"

தலைக்கு நட்டநடுவே கேட்டது. தெருவில் ஆட்டோ தெருவில் கேட்டது. பக்கத்து வீட்டு டிவி பக்கத்து வீட்டில் கேட்டது. சங்கரபாகம் மட்டும் உள்ளேயே இருந்தார். எல்லாரும் கிளம்பிப்போன கூடத்தில் விளக்கை அணைத்த பிறகும் ஒருவர் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. வெளியே அவருக்கென்று ஒரு அடி இடம்கூட இல்லை. இரண்டு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவர் செத்தார். செண்பகவல்லி வாய்விட்டு அழுதாள். காப்பி ஆறி ஆடை படிந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. நாகர்கோவிலுக்கே போய்விட்டாள்.

"அவியளுக்கு உள்ள கெடந்து மூச்சு முட்டுது. எங்கயாவது வெளிய வை," என்று ஃபோனில் இருந்த கணவர் குரலைப் போட்டுக் காட்டினாள்.

ஷெர்லின் தயங்கினாள். "ரெண்டு காதுக்கும் ஒரே நேரத்துல வர்ற சத்தம், அதான் நடுவுல நிக்குது. வலது காதுக்கு மட்டும் கொஞ்சம் பிந்திக் குடுத்தா இடப்பக்கம் போயிரும். கொஞ்சம் அறை எதிரொலியும் சேத்துட்டா வெளிய நிக்கிற மாதிரியே இருக்கும். செய்யுதது பெரிய வேலை இல்ல. ஆனா அது பொய், டீச்சர்."

"எனக்கு நீ குடுத்த காதே பொய்தான? அதுல இன்னொரு பொய் சேந்தா என்ன கெட்டுப்போச்சு?"

ஷெர்லின் கணினியைத் திறந்தாள். "எங்க வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

"இடப்பக்கம். ஜன்னல் ஓரத்து நாற்காலி. அங்கதான் உக்காருவாவ."

அன்று மாலை செண்பகவல்லி காப்பியோடு உட்கார்ந்தாள். இடப்பக்கத்திலிருந்து, ஒரு கை தூரத்திலிருந்து, சங்கரபாகம் கேட்டார்: "செண்பகம், கேக்குதா?"

கேட்ட மாத்திரத்தில் திரும்பினாள். யாரானாலும் திரும்பத்தானே செய்வோம்! நாற்காலி காலியாக இருந்தது. அது போகட்டும். திரும்பியபோது குரலும் கூடவே திரும்பிவிட்டது. இப்போது சமையலறைப் பக்கமிருந்து பேசினார். அந்தப் பக்கம் திரும்பினாள், வாசல் பக்கம் போய்விட்டார். எப்படித் திரும்பினாலும் அவளுக்கு இடப்பக்கத்திலேயே இருந்தார், ஒருபோதும் எதிரே வரவில்லை. நடு வீட்டில் ஒரு சுற்று முழுக்கச் சுற்றிவிட்டுத் தலைசுற்றி உட்கார்ந்தாள்.

பிறகு சூட்சுமம் பிடிபட்டது. திரும்பாமல் இருந்துவிட்டால் போதும். நேராகச் சுவரைப் பார்த்தபடி காப்பியைக் குடித்தால் அவர் பாட்டுக்கு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வரப்புச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருப்பார். துணி கசங்கும் சத்தம்கூடக் கேட்பதுபோல இருக்கும். கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கும். பல்லைக் கடித்து நிறுத்துவாள். ஒரு மாதத்தில் கழுத்து படிந்துவிட்டது. இடப்பக்கம் குரல் கேட்டால் அவள் உடம்பு கல்லாகிவிடும். அந்த மாலைகளைப்போல இன்பமான மாலைகள் கல்யாணமான புதிதில்கூட அவளுக்கு வாய்த்ததில்லை. ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, அறைக்குள் கரையும். அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

இதற்கிடையே பாக்கியம் மேடம் அவளைச் சோதித்துப் பார்க்க ஒரு பீரியட் கொடுத்தார். தாமே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார். செண்பகவல்லி கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு வட்டம் வரைந்தாள்.

"வலப்பக்கம், நாலாவது பெஞ்ச், சுவரோரம். யாருட்டி அது, பென்சில் டப்பாவத் தட்டுதது? கடைசி பெஞ்சுல மேடம், உங்க ஃபோன் அதிருது."

வகுப்பு ஆவென்று பார்த்தது. பாக்கியம் மேடம் ஃபோனை அணைத்துவிட்டு எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒன்பது பி அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. ஊரெல்லாம் சர்க்கரைப்பொங்கல் கொடுக்கலாம்போல இருந்தது அவளுக்கு.

மூன்று வாரம் ராஜ்யம் நடந்தது. நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியட்.

கரும்பலகையில் ஒரு நீளமான தேற்றம் ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்திலிருந்து, ஜன்னல் ஓரத்திலிருந்து, மெதுவாக ஒரு குரல்.

"டீச்சர்."

செண்பகவல்லிக்குக் கேட்டது. கழுத்து கல்லாகியது. சாக்பீஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர்..."

திரும்பாதே, திரும்பினால் போய்விடும் என்று உடம்பு சொன்னது. அவள் சொல்லவில்லை, உடம்பு சொன்னது. மூன்றாவது தடவை அந்தக் குரல் பாதியிலேயே நின்றுபோனது. அப்புறம் கேட்டது தடால் என்ற சத்தமும் நாற்பது பிள்ளைகளின் அலறலும்தான்.

இசக்கிப்ரியா. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை. கண் இருட்டிக்கொண்டு வரவே வெளியே போகக் கேட்டிருக்கிறாள். பெஞ்ச் முனையில் மோதிப் புருவத்துக்கு மேலே பிளந்துவிட்டது. கண் தப்பியது தெய்வாதீனம். ஐந்து தையல்.

மாலையில் பாக்கியம் மேடம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "மூணு தடவ கூப்பிட்டேன்னு அந்தப் பிள்ள சொல்லுது. அவ அப்பா கொதிச்சுப் போயிருக்காரு. டீச்சர், ஒண்ணு செய்யுங்க. மெஷின்ல கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. பழிய அந்த நாகர்கோவில்காரங்க தலையில போட்டுருவோம். மெஷினச் சரி பண்ணிட்டு வந்து பழையபடி கிளாஸ் எடுங்க. நீங்க போறதுல எனக்கு இஷ்டம் இல்ல."

தாளும் பேனாவும் மேசைமேல் இருந்தன. ஒரே வரிதான். ஒன்பது பி கையை விட்டுப் போகாது. செண்பகவல்லி பேனாவை எடுத்தாள். 'எனது செவிக்கருவியில்' என்று எழுதினாள். ஷெர்லினின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த லட்சத்தில் ஒரு துண்டுக்காக எங்கெங்கோ காத்துக்கொண்டிருக்கிறவர்களும் நினைவுக்கு வந்தார்கள். இந்த ஒரு வரி போதும், அவர்களுக்கெல்லாம் அது கிடைக்காமல் போக. எழுதியதை அடித்தாள்.

"மெஷின் நல்லா இருக்கு, மேடம். கேட்டுச்சு. இடப்பக்கம், ரெண்டாவது பெஞ்ச், ஜன்னலோரம். மூணு தடவ கேட்டுச்சு. நான்தான் திரும்பல."

"ஏன்?"

சொன்னாள். நாற்காலியைச் சொன்னாள், காப்பியைச் சொன்னாள், கழுத்தைச் சொன்னாள். அடித்த வரி இருந்த தாளைப் பாக்கியம் மேடம் எடுத்து இழுப்பறையில் வைத்தார். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து நூலகச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை செண்பகவல்லி மறுபடி நாகர்கோவில் போனாள்.

"அழிச்சிரட்டுமா, டீச்சர்?" என்று கேட்டாள் ஷெர்லின்.

"அய்யோ, அழிச்சிராத. நடுவுல வை. ரெண்டு காதுக்கும் ஒரே நேரம். ஒரு துண்டுகூடப் பிந்தக் கூடாது."

"உள்ள மூச்சு முட்டுதுன்னு சொன்னீங்களே?"

"எனக்குத்தான் முட்டுச்சு. அவியளுக்கு என்ன, அவிய பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தாவ."

நூலகம் பழையபடி தூசியும் வெயிலுமாக இருந்தது. மதிய இடைவேளையில் வராந்தாவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவது வராந்தாவிலேயே கேட்கும். செண்பகவல்லி டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஃபோனை எடுப்பாள். தலைக்குள்ளே அவர் தொடங்குவார். அங்கே இப்போது வேறு சத்தம் எதுவும் இல்லாததால் முன்னைவிடத் தெளிவாகவே கேட்டது. சில நாள் அழுகை வரும். சில நாள் சிரிப்பு வரும்.

ஒரு வியாழக்கிழமை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"செண்பகம், கேக்குதா? மானூர்ப் பக்கம் நிக்கேன். இங்க ஒரு கெழவரு என்ன சொல்லுதாருன்னா..."

"டீச்சர்."

இடப்பக்கத்திலிருந்து வந்தது. மெதுவான குரல். கழுத்து கல்லாகப் பார்த்தது. செண்பகவல்லி மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, துருப்பிடித்த திருகைத் திருகுவதுபோல, தலையை இடப்பக்கம் திருப்பினாள்.

ஆள் இருந்தது.

இசக்கிப்ரியா கணக்கு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். புருவத்துக்குமேல் தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"சார் சொல்லுதது ஒண்ணும் புரியல, டீச்சர். உங்ககிட்ட கேக்கலாமா?"

"வாட்டி," என்றாள் செண்பகவல்லி. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இங்க, என் பக்கத்துல வந்து உக்காரு. காலைல சாப்ட்டியா?"

தலைக்குள் சங்கரபாகம் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். மானூர்க் கிழவர் என்ன சொன்னார் என்று அவள் கவனிக்கவில்லை.